பலகையும் படமும்

தர்மபுரி ஜில்லாவில் எல்லாம் உண்டு. கடல் மட்டும் இல்லை. மாவும் புளியும் உண்டு, ராகி உண்டு, மலை உண்டு, பாறைக்குப் பாறை தாவி விழுகிற காவேரியும் உண்டு. கடலைக் காண வேண்டுமானால் ஒரு பகல் முழுதும் பிரயாணம் செய்ய வேண்டும். நமது வகுப்பிலுள்ள 42 பிள்ளைகளில் சமுத்திரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் விசாரித்தோம். ஒன்பது கைகள் உயர்ந்தன. அவற்றிலும் இரண்டு கைகள் சற்று யோசனை செய்த பிறகே உயர்ந்தன.

இப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கடலலை மேல் பலகை போட்டு நிற்பவர்களைப் பற்றியும் அவர்களைப் பிடித்த குறும்படங்களைப் பற்றியும் இந்த வாரம் எழுத வந்திருக்கிறோமே, இது என்ன விபரீதம் என்று நேயர்கள் நினைக்கலாம். நியாயந்தான். ஆனால் இந்த விபரீதத்துக்கு நாம் பொறுப்பாளி அல்ல. நமது மாணவர்கள்தாம் பொறுப்பாளிகள். சாப்பாட்டு மணியில் வேப்ப மரத்தடியில் ஒரு செல்போனைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள் கூடியிருந்தன. ஏதோ வேண்டாத காரியம் என்று எண்ணி மெல்லப் பின்னால் போய் நின்றோம். செல்போனில் நீலமான ஓர் அலை மலை போல் எழும்பிச் சுருண்டது. அந்தச் சுருளுக்குள்ளிருந்து ஒரு மனிதன் பலகை மீது நின்றபடியே வெளியே வந்தான். பையன்கள் "ஆ!" என்றார்கள். உண்மையைச் சொன்னால், நாமும் "ஆ!" என்றோம். செல்போனைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று முதல் இத்தகைய படங்களை நாமும் பார்த்து வருகிறோம். இரண்டு நிமிஷப் படம், ஐந்து நிமிஷப் படம், அரை மணிப் படம் என்று பல தினுசு. பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஜாதகந்தான். தென்னை மரம், சூரியோதயம், பலகைக்கு மெழுகு தேய்க்கும் கை. பிறகு அலை, அலை, மேலும் அலை. வேகத்தைக் குறைத்துக் காட்டுவதால் பத்து வினாடிச் சவாரி ஒரு யுகம் போல நீளுகிறது. பார்க்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வித்தை தெரிந்தவர்களைக் கேட்டால், கடலில் கழிக்கும் நேரத்தில் மிகப் பெரும் பகுதி கையால் நீரைத் தள்ளி முன்னேறுவதிலும், பலகை மேல் உட்கார்ந்து தகுந்த அலைக்காகக் காத்திருப்பதிலுமே போய்விடுகிறது என்பார்கள். அந்தக் காத்திருப்பைக் கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டியதுதான் படம். பண்டிகை நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

இந்தப் படங்களுக்கு வயது நூறுக்கு மேல் ஆகிறது. 1906-ஆம் வருஷம் எடிசன் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் போனைன் என்பவர் ஹவாய்த் தீவின் வைகீகிக் கரையில் அலையேறுகிறவர்களைப் படம் பிடித்தார். அந்தத் தீவை அமெரிக்கா தன்னுடன் இணைத்துக்கொண்டு அப்போது எட்டு வருஷந்தான் ஆகியிருந்தது. ராஜாவும் குடியானவனும் ஆணும் பெண்ணும் ஒன்றாக அலையேறிய அந்த மண்ணில், வெள்ளையர் கொண்டு வந்த நோய்களால் ஜனத்தொகையே தேய்ந்துபோய், இந்த விளையாட்டும் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, மறுபடி துளிர்விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அந்த மண்ணின் மைந்தரான டியூக் கஹானமோக்கு 1912-இல் ஒலிம்பிக் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியா சென்று, அங்கே கிடைத்த பைன் மரத்தில் தம் கையாலேயே பலகை செதுக்கி, ஸிட்னியின் கரையில் அலையேறிக் காட்டினார். ஊர் ஊராகப் போய்த் தன் தேசத்து வித்தையைக் கற்றுக் கொடுத்த அந்த மனிதரிடம் நமக்குத் தனி மதிப்பு உண்டு.

அலைச்சறுக்குப் படத்தை ஒரு தொழிலாக ஆக்கியவர் யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! கலிபோர்னியாவில் ஆசிரியராக இருந்த பட் பிரௌன், தாம் ஹவாயில் பிடித்த படத்தை 1953-இல் ஸாண்டா மோனிகாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டுக் காட்டினார். டிக்கெட்டு 65 ஸெண்டு. படத்தில் பேச்சுக் கிடையாது. வாத்தியாரே பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் கதை சொன்னார். பிற்பாடு வேலையை விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு படம் எடுக்கப் புறப்பட்டுவிட்டார். (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டாம். நமக்கு அப்படி எண்ணம் இல்லை.) 1966-இல் உலகெங்கும் ஓடிய 'தி எண்ட்லெஸ் ஸம்மர்' என்ற படம் அவர் போட்ட பாதையில் வந்ததுதான். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, டஹீதி என்று இரண்டு வாலிபர்கள் கோடைகாலத்தைத் துரத்திக்கொண்டு உலகைச் சுற்றிய கதை அது. அவர்கள் அலையேறிக் காட்டிய நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை.

இனிப் பலகையின் சமாசாரத்துக்கு வருவோம். ஹவாயின் பிரபுக்கள் ஏறிய நெடும் பலகை 15 அடிக்கு மேலும் இருக்கும். அதை விலிவிலி என்ற மரத்தில் செய்தார்கள். அந்த மரம் வேறு ஒன்றுமில்லை. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிற கல்யாண முருங்கைக்குச் சகோதரி. சளிக்கு அடை தட்டிக் கொடுக்கிறோமே, அதே குடும்பந்தான். காய்ந்தால் தக்கை போல் லேசாகிவிடும் என்பதே அதன் பெருமை. பிறகு டாம் பிளேக் என்ற அமெரிக்கர் பலகையை உள்ளே கூடாக்கினார். 1930-களில் அடியில் ஒரு சிறு துடுப்பையும் பொருத்தினார். அது வரையில் பலகையை அதன் இஷ்டப்படி விட்டு, காலால் கெஞ்சித்தான் திருப்ப வேண்டியிருந்தது. 1950-களின் கடைசியில் மரமே போயிற்று. ரசாயன நுரையை அச்சில் வார்த்து, மேலே கண்ணாடி இழையைப் பூசினார்கள். ஒரு பெண் குழந்தை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும்படி பலகை லேசாகிவிட்டது.

நம் தேசத்தில் இது ஒன்றும் இல்லையா என்று கேட்டால், இருந்தது என்பதே பதில். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில் அர்த்தத்தைத் தொலைத்துவிட்டு, இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நமது கட்டுமரமோ, லேசான மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்தது, அவ்வளவுதான். அதற்குள் தண்ணீர் புகுவது பற்றிய கவலையே கிடையாது. புகுந்த தண்ணீர் இடுக்கு வழியாகப் போய்விடும். ஆகவே அது மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். நடுவில் மூன்று வரிசை அலை. பிரயாணிகளை மசூலாப் படகில் ஏற்றிக்கொண்டு வரும்போது பக்கத்தில் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவது அவர்கள் வேலை. கப்பலுக்குப் போகும் கடிதங்களைத் தலையிலிருக்கும் கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, அலையைப் பிளந்து போய் நனையாமல் சேர்ப்பார்களாம். திரும்புகையில் அலையின் முதுகிலேறி மணலில் வந்து இறங்குவார்கள். இதற்கு விளையாட்டு என்று யாரும் பெயரிடவில்லை. பிழைப்பு என்றுதான் பெயர். அதனால்தானோ என்னவோ, அந்த வீரர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, நிவாரணமாகக் கண்ணாடி இழைப் படகுகள் கரையெங்கும் வந்து இறங்கின. கட்டுமரம் வெகுவாகக் குறைந்தது. அதே கண்ணாடி இழையில் செய்த அலைப்பலகைகளும் அந்தக் காலத்தையொட்டியே நமது கரைகளில் பரவத் தொடங்கின. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், அயல்நாட்டார் ஒருவர் பலகை மீது நிற்பதைப் பார்த்துவிட்டுத் தாமும் பழகினார். தம் ஊர்ச் சிறுவர்களையும் பழக்கினார். 2012-இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியே ஏற்பட்டது. சிகரெட்டும் மதுவும் தொடலாகாது, படிப்பை விடலாகாது என்பது பலகை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே விதி. மீனவப் பிள்ளைகள் அலையைப் படிப்பதற்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை. தாத்தா பாட்டன் காலத்திலேயே படித்து முடித்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனியாகப் பெற்ற முதல் பதக்கம் அது.

மாமல்லபுரம் என்றதும் நாம் சொல்ல வந்த படத்துக்கு வந்துவிட்டோம். படத்தின் பெயர் 'கமலி'. நியூஸிலாந்தைச் சேர்ந்த சாஷா ரெயின்போ என்ற பெண்மணி எடுத்தது, 24 நிமிஷம், 2019-இல் திரைவிழாக்களுக்கு வந்தது. மாமல்லபுரத்தின் மீனவர் குடியிருப்பில் ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகையில் ஓடும் ஒரு சிறுமியின் கதை. வெறுங்காலுடன் கவுன் அணிந்து அவள் சரிவில் பாய்ந்து இறங்கும் படம் ஒன்றை அமெரிக்காவின் பிரபல வீரர் டோனி ஹாக் பகிர்ந்து பரப்பவே, உலகம் முழுதும் அவளைத் தெரிந்துகொண்டது. அவள் கடலலைப் பலகையும் பழகினாள். இன்று தேசியப் போட்டிகளில் வெற்றி பெறும் அலைச்சறுக்கு வீராங்கனையாகிவிட்டாள். ஆகவே தரைப் பலகைப் படத்தை அலைப் படங்களுடன் சேர்த்துப் பேசுவது தவறாகாது. அந்தப் பலகையே அலை இல்லாத நாட்களுக்காகக் கலிபோர்னியாவின் கடற்கரைப் பிள்ளைகள் கண்டுபிடித்ததுதானே?

ஆனால் படம் பலகையைப் பற்றியதன்று. பாதிக்கு மேல் அவளுடைய தாயார் சுகந்தியைப் பற்றியது. துன்பமான மணவாழ்க்கையை விட்டு வெளியே வந்து, தனியே நின்று குழந்தைகளை வளர்க்கும் பெண். தனக்குக் கிடைக்காத சுதந்திரம் மகளுக்குக் கிடைக்க வேண்டுமென்று நினைக்கிறாள். ஊர் வாய்க்கும் அஞ்சுகிறாள். ஒரு யாத்திரை சென்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறாள். மற்றப் படங்கள் கத்தரித்து எறிகிற காத்திருப்பு இருக்கிறதே, அதையே இந்தப் படம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே நூறு நீல அலைப் படங்களைவிட இது நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தமிழ்ப் பெண் ஒருத்தியின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்பதற்குக் கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்ததே என்ற வருத்தமும் கூடவே உண்டாகிறது. காமிரா நம் கையிலும் இருக்கிறது. அதை நாம் எதன் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

2020-இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியின் குறும்படப் பரிசுக்கு 'கமலி' தேர்ந்தெடுத்த ஐந்தில் ஒன்றாக இருந்தது. பரிசு கிடைக்கவில்லை. கிடைத்தது எதற்கு என்றால், காபூல் நகரத்தில் சக்கரப் பலகையும் எழுத்தும் சேர்ந்து பயிலும் சிறுமிகளைப் பற்றிய படத்துக்கு! பலகைமேல் நின்ற பெண் குழந்தைகள் இரண்டு தேசங்களிலிருந்து ஒரே மேடைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம், 2021 ஆகஸ்டில், காபூலில் ஆட்சி மாறிற்று. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் பள்ளிக்குப் போவது தடுக்கப்பட்டது. அந்தக் குழந்தைகள் பலகைமேல் நின்றதற்குப் படமே சாட்சியாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஒன்பதாம் வகுப்புக்கு 'கமலி'யைக் காட்டினோம். பையன்கள் சரிவில் பாயும் இடங்களில் கைதட்டினார்கள். மற்ற இடங்களில் நெளிந்தார்கள். முடிந்ததும், "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றோம். பலகை என்ன விலை என்று ஒருவன் கேட்டான். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சாதாரணமாக வாய் திறவாதவள். "சார், படம் எடுக்கிறவங்க ஊருக்குப் போன பிறகு, அந்த அம்மாவை ஊர்க்காரங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

எந்தப் பத்திரிகை விமர்சகரும் கேட்காத கேள்வி. நமக்குப் பதில் தெரியவில்லை; தெரியவில்லை என்றே சொன்னோம்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். பரிசலை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை: மூங்கில் பிளாச்சுகளை வட்டமாக முடைந்து, முன்னாளில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, தார் பூசிய ஓடம் அது. முன்னும் பின்னும் கிடையாது. ஒற்றைத் துடுப்பு. துடுப்பைப் பிடிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் அது நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். தெரிந்தவன் கையில் பாறைச் சந்துகளுக்கிடையே மீனாய் நழுவும். கரையேறியதும் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் ஆமை எழுந்து நடப்பது போலிருக்கும். சினிமாக்காரர்கள் அருவிக்கு அடிக்கடி வருகிறார்கள். 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வின் பாட்டுக் காட்சியில்கூட அந்த அருவி உண்டு. பரிசல்காரர்களைப் பற்றி ஒரு படம் நமது கண்ணில் இதுவரை படவில்லை.

அந்தப் பெண் பத்து வயதிலேயே அக்கரைக்குத் துடுப்புப் போட்டவளாம். பெரியவளான பிறகு தொடக்கூடாது என்றாகிவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேச்சு என்பதும் அவளுடைய தோழிகள் மூலம் தெரிய வந்தது. நமது ஜில்லாவின் சரித்திரம் நமக்குத் தெரியும். பெண் குழந்தை பிறந்தால் வீட்டில் விளக்கேற்றாமல் இருந்த காலமும், அரசாங்கம் தொட்டில் வைத்துக் குழந்தைகளை வாங்கிக்கொண்ட காலமும் மறந்துபோகிற அளவுக்குத் தொலைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம்.

தகப்பனார் கவிழ்த்துப் போட்ட பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று எழுந்தார். படிப்பைப் பற்றிப் பேசினோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. நம்மிடம் இருந்த உபதேசம் தீர்ந்துவிட்டது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் செல்போனை எடுத்துப் படத்தைப் போட்டோம். தார்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பரிசலின்மேல் சாய்ந்தபடி 24 நிமிஷமும் பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்.

"அந்தப் பலகைக்கு அடியில சக்கரம் ரப்பரா சார்?" என்றார்.

ரப்பர் மாதிரி ஒரு பொருள் என்றோம்.

"அதான் கல்லுல தட்டாம ஓடுது." மறுபடி தார்ச் சட்டியை எடுத்தார். பூசிக்கொண்டே, "பன்னண்டாவது வரைக்கும் படிக்கட்டும் சார். அப்புறம் பார்க்கலாம்" என்றார். துடுப்பைப் பற்றி நாம் கேட்டதற்கு, "அது வேற சார். துடுப்புப் புடிச்ச பொண்ணை யார் கட்டிக்குவாங்க?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பன்று; ஆனாலும் அதற்குமேல் வாதிட நமக்குத் தெம்பு வரவில்லை. அவர் வாக்கிலும் 'பார்க்கலாம்' என்ற சொல் இருக்கிறது என்பதை நாம் மறக்கவில்லை.

இதற்கிடையே, வேப்ப மரத்தடிப் பையன்கள் இருவர் அதே செல்போனைக் கொண்டு ஒரு படம் எடுக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். பரிசல் முடைவதைப் பற்றிய படம். இதுவரை ஆறு நிமிஷம் ஆகியிருக்கிறது. கை நடுக்கத்தில் பாதிப் படம் ஆடுகிறது. ஓர் இடத்தில் முழு நிமிஷத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை, ஒருவர் மூங்கில் ஊறுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அதை வெட்டிவிடலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். வெட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறோம். முடைகிற கைகளுள் ஒன்று வளையல் போட்ட கை. முகம் தெரியவில்லை.

இப்போது கர்நாடக அணைகளிலிருந்து நீர்வரத்து அதிகமாகி, பரிசல் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் படப்பிடிப்பும் நின்றிருக்கிறது. ஆற்றின் நடுவில் எடுக்க வேண்டிய காட்சி ஒன்று பாக்கி இருக்கிறதாம். அதில் யார் துடுப்புப் போடுவது என்று பையன்களுக்குள் பேச்சு நடக்கிறது. தண்ணீர் வடியட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறோம்.